மறு: செப்புக் குண்டுக் கட்டுரை – ‘ஜம்ப்’புக்குப் ‘புரியெட்டம்’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஈயமில்லாத செப்புத் துப்பாக்கிக் குண்டு பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதும் நண்பர், எந்த ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேண்டும் என்று அனுப்பிய பட்டியலில் பாதிக்குமேல் புதுச்சொல்லே வேண்டாம். நாட்டுத் துப்பாக்கி புழங்கிய ஊர்களில் மருந்து (வெடிமருந்து), கேப்பு (அடிபட்டு மருந்தைப் பற்றவைப்பது), குதிரை, கெட்டித்தல் எல்லாம் ஏற்கெனவே வழக்கில் உள்ளவை. பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்தது தோட்டா. ஈழத்தில் குண்டைச் சன்னம் என்றும் தோட்டாவை ரவை என்றும் எழுதுகிறார்கள். அவற்றையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம். ‘ஹேண்ட்லோட்’ என்பதற்குக் ‘கையால் கட்டிய தோட்டா’ போதும். வெடி கட்டுவது என்கிறோமே, அதே கட்டுதான்.

நாம் நின்று பேச வேண்டிய சொல் ‘ஜம்ப்’. அது கட்டுரையின் நடுநரம்பு. அதில் தவறினால் படிப்பவர் தோட்டாவையே தவறாகக் கட்டிவிடுவார்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் குழலின் உள்சுவரில் சுருளாக மேடும் பள்ளமும் வெட்டியிருக்கும். அதைப் புரி என்று முன்பே முடிவு செய்தோம். தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறையில் உட்கார்ந்திருக்கும்போது குண்டு இன்னும் அந்தப் புரியைத் தொட்டிருக்காது. மருந்து எரிந்ததும் கூட்டைவிட்டுக் கிளம்பி, கொஞ்ச தூரம் சும்மா ஓடி, பிறகே புரிமேட்டில் ஏறிக் கடிபடும். அந்தக் கொஞ்ச தூரம்தான் ஜம்ப்.

செப்பு உறைக்குள் ஈயம் வைத்த வழக்கமான ஈயக் குண்டில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமலும் காலம் தள்ளலாம். இலக்குச் சுடுகிறவர்களில் பலர் குண்டு புரியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டுவார்கள். முழுச் செம்பில் அப்படிச் செய்யக் கூடாது. உள்ளே ஈயம் இல்லாததால் செம்பு எளிதில் நசுங்கிக் கொடுக்காது. புரிமேடு அதைக் கடிக்கக் கூடுதல் விசை வேண்டும். நின்ற நிலையிலேயே புரியில் முட்டிக்கொண்டிருந்தால் அறைக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். கொஞ்சம் ஓடி வேகம் பிடித்து ஏறினால் அது சீராக ஏறுகிறது. அதனால்தான் பார்ன்ஸ் நிறுவனம் தன் செப்புக் குண்டுகளுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ., விட்டுத் தொடங்கச் சொல்கிறது. அங்கிருந்து இன்னும் அங்குலத்தின் நூறில் ஒன்றிரண்டு பங்கு கூட்டுக்குள் தள்ளி அமர்த்தியதும், இலக்குத் தாளில் சிதறி விழுந்த துளைகள் நெருங்கி விழுவது செம்பில் அடிக்கடி நடக்கிறது.

நான் வேட்டைக்குப் போகும் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடவும் ஈயமில்லாத குண்டுதான். வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடலில் கிடக்கும் ஈயத் துணுக்கைத் தின்று கலிபோர்னியக் காண்டார் கழுகுகள் செத்தன; 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தன. அந்தப் பறவைக்காக இந்தச் சிரமம் முழுவதும் தகும் என்பது என் எண்ணம். சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘இடைவெளி’ என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் எந்த இடைவெளி என்று புரியாது. துப்பாக்கியில் இன்னொரு இடைவெளியும் உண்டு: ஹெட்ஸ்பேஸ். அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை அறை தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம். அது அளவுக்கு மிஞ்சினால் கூடு நீண்டு, அடிப்பக்கத்தில் அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். ஒன்றைத் தாராளமாக விடச் சொல்கிறோம், மற்றதை இம்மியும் மிஞ்சவிடாதே என்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது ஆபத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

> ‘பாய்ச்சல்’ அழகான சொல்.

அழகுதான் ஐயா. ஆனால் ‘குண்டு பாய்ந்து ஒருவர் பலி’ என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். குண்டு பாய்வது என்றால் உடலுக்குள் இறங்குவதுதான் தமிழில். செப்புக் குண்டின் பெரிய சிறப்பே அது. முனை இதழிதழாக விரிந்தும் எடை குறையாமல் ஆழமாக இறங்கும். அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம்.

‘தாவல்’ கணினித் திரையில் ‘டேப்’ ஆகிவிட்டது. ‘தாவுதூரம்’ பரவாயில்லை, கொஞ்ச காலம் என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன். எங்கிருந்து எங்கே என்று அது சொல்லவில்லை என்பதுதான் குறை.

என் பரிந்துரை: புரியெட்டம். புரியை எட்டக் குண்டு போக வேண்டிய தூரம். கொங்கிலும் யாழ்ப்பாணத்திலும் எட்டம் என்றால் தொலைவு; எட்டுதல் எல்லாருக்கும் தெரிந்த வினை. பட்டறையில் பேசும்போது ‘எட்டம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘எட்டம் கூட்டிப் பார்’, ‘எட்டமே இல்லாமல் முட்டி நிற்கிறது’ என்றெல்லாம் தடையில்லாமல் வருகிறது.

அளக்கிற முறையோடும் இது பொருந்துகிறது. கேப்பும் மருந்தும் இல்லாத வெறுங்கூட்டில் ஒரு குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி அமர்த்தி, மெழுகுவத்திப் புகையைக் காட்டிக் கரி ஏற்றுங்கள். அறையில் விட்டு போல்ட்டை மெதுவாக மூடித் திறந்து எடுத்தால், கரியில் சுற்றிலும் சம தூரத்தில் சிறு கீறல்கள் தெரியும். குழலில் எத்தனை புரிமேடோ அத்தனை. குண்டை இம்மி இம்மியாக உள்ளே தள்ளி மறுபடி கரி ஏற்றிப் பாருங்கள். கீறல் குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் இல்லாமல் போகும். அங்கே எட்டம் சுழியம். அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டு, வேண்டிய எட்டத்தைக் கழித்து அமர்த்த வேண்டியதுதான். நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளக்காதீர்கள். பிளாஸ்டிக் நுனி குண்டுக்குக் குண்டு மாறும். புரி தொடுகிற வளைவிலிருந்து அளக்க வேண்டும். அந்த வளைவுக்கு, ‘ஓஜைவ்’வுக்கு, ‘முனைவளைவு’ என்று அக்கா ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. ‘ஃப்ரீபோர்’ என்பதையும் ஜம்ப் என்பதையும் கட்டுரையின் மூலப் பிரதியே ஓரிடத்தில் குழப்புகிறது. ஃப்ரீபோர் குழலின் குணம்: அறைக்கு முன்னால் புரி வெட்டாமல் விட்ட பகுதி. வெதர்பி ரைஃபிள்களில் அது நீளமாக இருக்கும். எட்டமோ இந்தக் குண்டை இந்தக் குழலில் இப்படி அமர்த்தியதால் வருவது. நம் கையில் இருப்பது. குழல் தேயத் தேய, அதே தோட்டாவுக்கே எட்டம் கூடும். ஆகவே ஃப்ரீபோருக்குத் தனியாகப் ‘புரியிலாத் தொண்டை’ என்று வைக்கலாம்.

எட்டம் கூட்டுவதென்றால் குண்டு கூட்டுக்குள் இன்னும் இறங்கும், மருந்துக்கு இடம் குறையும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேருங்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம், அதே எடையில் செப்புக் குண்டு நீளம், ஆகவே ஏற்கெனவே அதிக இடம் பிடிக்கிறது. ஈயக் குண்டுக்கான மருந்தளவை அப்படியே போடாமல், அந்தக் குண்டுக்கே வந்த கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். கேப்பு தட்டையாகிறதா, போல்ட் தூக்கக் கடினமாகிறதா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்து, அழுத்தம் மிஞ்சிய அடையாளம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்து அண்ணரிடம் ஒரு கேள்வி. உங்கள் பேச்சில் ‘எட்டம்’ நெடுந்தொலைவை மட்டும்தான் குறிக்குமா? ஒரு மில்லிமீட்டர் தூரத்தை எட்டம் என்றால் காதுக்கு உறுத்துமா? உறுத்தும் என்றால் ‘புரியெட்டு’ என்று மாற்றலாம். ஹெட்ஸ்பேஸுக்கும் அடுத்த மடலுக்குள் ஒரு சொல் யோசித்து வையுங்கள்.