பச்சை கூலன்ட்டில் நீல கூலன்ட்டைச் சேர்க்கலாமா?

கேள்வி (வேளச்சேரி):
வணக்கம். என் யமஹா ஆர்15 பைக்கில் என்ஜினைக் குளிர்விக்கும் பச்சை கூலன்ட், தொட்டியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. கடையில் நீல நிறம்தான் இருந்தது. அதை ஊற்றலாமா, அல்லது வீட்டு போர்வெல் தண்ணீரால் சமாளிக்கலாமா? கிண்டி நெரிசலில் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றுகிறது.

பதில் 1 (அம்பத்தூர்):
நிறம் வெறும் சாயம்தான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. எந்த வகை என்று டப்பாவின் பின்புறம் பாருங்கள். சிலிகேட் சேர்ந்ததையும் கரிம அமில வகையையும் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் திறன் குறையும். சில வேளை கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களையே அடைத்துவிடும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு என்ஜினுக்குள்ளும் படியும். அவசரத்துக்குச் சிறிதளவு டிஸ்டில்டு வாட்டர் போதும். பிறகு பழையதை முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டராலேயே அலசி, ஒரே வகையை நிரப்புங்கள். டப்பாவில் 'பிரீமிக்ஸ்' (ஏற்கெனவே நீர் கலந்தது) என்று இருந்தால் மேலும் நீர் சேர்க்கக் கூடாது.

பதில் 2 (தாம்பரம்):
அளவு ஏன் குறைந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். என் வண்டியில் மாதக்கணக்கில் அதைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் கொட்டவும் வேண்டாம். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு; நக்கும் நாய் இறந்துவிடக்கூடும்.

கேட்டவர்:
துளையில் பச்சைக் கறை இருக்கிறது. சீலை மாற்றிய பிறகே நிரப்புகிறேன்.