மழை முடிந்ததும் பெசன்ட் நகர் கரையில் குப்பை: தடை இருந்தும் ஏன்?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் கரை முழுக்க கவர், பாட்டில். கடைகளில் ரெய்டு போதாதா?

அலைவாய்:
போதாது. வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். அடையாறு முகத்துவாரம் உங்களுக்கு வடக்கே இருப்பதால், ஆற்றில் வரும் குப்பை நேரே உங்கள் கரையில்தான் ஒதுங்கும். கூவத்துக்குத் தெற்கே உள்ள மெரினாவுக்கும் இதே கதி. தடுப்பு மிதவையை ஆற்றிலேயே கட்டி, மழைக்கு முன்பே மழைநீர் வடிகால்களைத் தூர்வார வேண்டும். மிதவையில் சேர்வதை அவ்வப்போது அள்ளாவிட்டால் வெள்ளம் வரும்போது மொத்தமும் மேலேறிக் கடலுக்குப் போய்விடும்.

சல்லடை:
மணல் சலிக்கும் எந்திரத்தைப் பெரிதாக நம்பாதீர்கள். ஈர மணலில் சல்லடை அடைத்துக்கொள்ளும். சல்லடை ஓட்டையைவிடச் சின்னத் துண்டுகள் மணலோடு திரும்ப விழும். ஜனவரி முதல் ஆமை முட்டையிடும் காலம் வேறு, அப்போது கையால் பொறுக்குவதே சரி.

நெய்தல்:
முதலில் கணக்கெடுங்கள். கரையோரமாக 100 மீட்டர் அளந்து, 2.5 செ.மீ.க்கு மேற்பட்டதை எல்லாம் பொறுக்கி வகை பிரியுங்கள். மாதாமாதம் அதே இடத்தில். கப், ஸ்ட்ரா மிகுந்தால் கடைக்காரர் பக்கம் பாருங்கள். பிராண்ட் அச்சிட்ட சிப்ஸ் பாக்கெட் மிகுந்தால், அது 2022 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகளின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். வலைத் துண்டு என்றால் ரெய்டால் ஒரு பயனும் இல்லை, மீன் இறங்குதளத்தில் பழைய வலை வாங்கும் இடம் வேண்டும்.