புதுச்சேரியில் அம்மாவுடன் ஒரு மாலை: எந்தப் பூங்கா?

கடலூர்வாசி:
எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் வரும் ஞாயிறன்று புதுச்சேரிக்கு வரவிருக்கிறேன். கடைகளில் அலையாமல், நிழலில் அமர்ந்து பேசவும் படிக்கவும் பாரதி பூங்கா ஏற்றதா, தாவரவியல் பூங்கா ஏற்றதா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

கடற்கரைச்சாலை:
பாரதி பூங்காவையே பரிந்துரைப்பேன். நடுவிலுள்ள வெண்ணிற ஆயி மண்டபத்தைப் பார்த்தவாறு அமர்ந்து, கோயிலென்று எண்ணி அரசர் வணங்கிவிட்ட தன் மாளிகையை அவர் ஆணைப்படி தானே இடித்துவிட்டு, அவ்விடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற கணிகையின் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அம்மண்டபம் எழுந்ததற்கும் அக்குளத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டதே காரணம். (என் பாட்டி இதை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சொல்வார்.) ஞாயிறு மாலையில் கூட்டம் மிகும் என்பதால், நான்கு மணிக்கே வந்து இருக்கையைப் பிடித்துவிடுவது நல்லது.

மரநேசன்:
மரங்களே முக்கியமெனில், 1826இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு இணையில்லை. ஆனால் அங்கே நடை அதிகம். முதியவருக்குக் காலை நேரமே உகந்தது.

கடலூர்வாசி:
நன்றி ஐயா. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் பாரதி பூங்காவுக்கே செல்கிறோம்.