2011ஆம் ஆண்டு வேகன் ஆர்: எஞ்சின் வேலைக்கு 45,000 ரூபாய் செலவிடலாமா?

திருவொற்றியூர் துணிக்கடை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2011இல் பதிவான பெட்ரோல் வேகன் ஆர். இதுவரை 1,60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து கடைக்குத் துணி மூட்டை ஏற்றி வருவது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். பின் இருக்கையை மடித்து மூட்டை ஏற்றிய பாரத்தில் பின்பக்கம் இப்போது நிரந்தரமாகவே சற்றுத் தாழ்ந்துவிட்டது.

சில வாரங்களாக, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால், எஞ்சின் சூடேறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டி நகர்ந்து காற்றுப் பட்டதும் அணைந்துவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைகிறது. காலையில் சிறிது வெள்ளைப் புகை வருகிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் எங்கள் மெக்கானிக். கிளட்ச், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், பின்பக்க ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கேட்கிறார். பழைய கார் வியாபாரி ஒருவர் வண்டிக்கு 70,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். வண்டி விலையில் பாதிக்கு மேல் அதற்கே செலவழிப்பதா என்று வீட்டில் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கால் வைக்கும் இடம் வரை உள்ளே நீர் புகுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது சரி?

வியாசர்பாடி பட்டறை:

தம்பி, ஹெட்டை இறக்குவதற்கு முன் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிகிறது என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் விசிறி மீதும், அதை இயக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் மீதும், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் மீதும்தான் விழ வேண்டும். ஹெட் கேஸ்கெட் போன வண்டி பெரும்பாலும் ஓடும்போதும், அதிலும் பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது, சூடேறும். காலையில் வரும் வெள்ளைப் புகை எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். சூடான பிறகும் தொடர்ந்து வந்து, இனிப்பு வாடையும் அடித்தால்தான் கூலன்ட் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் பால் போல ஏதோ படிந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது சாதாரணமாகவே படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலும் பால் நிறமாக மாறியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

ரேடியேட்டரில் பிரஷர் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனை, கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவச் சோதனை, மூன்று சிலிண்டருக்கும் உள்ளழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் ஆகிய மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். ஹெட் வேலைக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு மிகக் குறைவு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரேடியேட்டருக்கு இத்தனை ஆண்டுகளாக எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்? நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அலுமினிய ஹெட்டும் அரிக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இப்போது நன்றாக இருக்கும் ஹெட்கூட அப்படியே ஓட்டினால் வளைந்துவிடும்.

திருவொற்றியூர் துணிக்கடை:

மிக்க நன்றி ஐயா. ஏ.சி.யை அணைத்துவிட்டு வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன்; சிவப்பு விளக்கு எரியும் வரை விசிறி சுற்றவே இல்லை. உடனே அணைத்துவிட்டேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீர், நீங்கள் நினைத்தது போலவே, வீட்டுப் போர் தண்ணீர்தான்.

காசிமேடு பழைய வண்டி:

விசிறியோடு வேலை முடிந்துவிட்டாலும், கிளட்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் பணம் போடுவதற்கு முன் வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் பழைய காரின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, துருதான். உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. நீங்கள் சொன்ன வெள்ள நீரோ உள்ளிருந்து அரிக்கிறது. கால்மிதியைக் காயவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே ஒன்றும் தெரியாதபடி தரைத்தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

முன் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி, தகட்டை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போன இடம் மொத்தென்று அடங்கிவிடும், சில இடங்களில் செதிலாக உதிரவும் செய்யும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க ஷாக் அப்சர்பரின் மேல்முனை போல்ட் பிடிக்கும் இடம், பின்பக்க ஆக்சிலைத் தாங்கும் பிடிமானங்கள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். நீங்கள் மூட்டை ஏற்றுவதால் கடைசியில் சொன்னதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். கதவிலும் பானெட்டிலும் உள்ள துரு டிங்கரிங்கில் சரியாகிவிடும். நான் சொன்ன இடங்கள் இற்றிருந்தால் எஞ்சினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், ஏனென்றால் விபத்து நேர்ந்தால் உங்கள் பிள்ளைகளைக் காக்க வேண்டியவை அந்தத் தகடுகள்தான். துருவின் மேலேயே கறுப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு அரிப்பு இன்னும் வேகமாகும்.

அடிப்பக்கம் நன்றாக இருந்தால், வண்டியின் விலையில் பாதி என்ற கணக்கை நான் பொருட்படுத்த மாட்டேன். 70,000 ரூபாய்க்கு இதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு பழுதுச் செலவையும் சேர்த்து நீங்கள் வாங்கக்கூடிய வண்டி யாரோ ஒருவர் ஓட்டித் தள்ளிய, வரலாறு தெரியாத வண்டியாகத்தான் இருக்கும். இந்த வண்டிக்கு என்னென்ன நடந்தது என்பதாவது உங்களுக்குத் தெரியும். லோயர் ஆர்முக்குப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய உதிரி பாகம் வாங்காதீர்கள். கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றை மட்டும் அங்கே வாங்கலாம்.

தண்டையார்பேட்டை வாசகி:

ஆவணங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 2011இல் பதிவான கார் என்றால் 15 ஆண்டுப் பதிவுக் காலம் 2026இல் முடிகிறது. பதிவுச் சான்றான ஆர்.சி.யை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வண்டியைக் காட்டி ஆய்வில் தேற வேண்டும். காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. இவற்றையும் பழுதுச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பழைய வண்டிகளுக்குத் தடை என்று வாட்ஸ்அப்பில் வருவது டெல்லி வட்டாரத்துக்கான விதி, சென்னைக்கு அல்ல.

அடிப்பக்கம் இற்றுப்போய் வண்டியைக் கழிக்க நேர்ந்தால், அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வண்டி உங்கள் பெயரிலேயே நீடிக்கும், அதன் நம்பர் பிளேட் வேறு எதில் ஓடினாலும் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.