நாள் முழுக்க வேலை, முடிந்தது எதுவும் இல்லை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டு பேரை வைத்துச் சிறு தொழில் நடத்துகிறேன். ஆர்டர், பில், வாடிக்கையாளருக்குப் பதில் எல்லாம் என் தலையில்தான். விலைப்பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் போன் அடிக்கும். பேசிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டேன் என்பதே மறந்துவிடுகிறது.

பொமோடோரோ முறையில் 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று டைமர் வைத்துப் பார்த்தேன். கணக்கு எழுத நன்றாகவே உதவியது. ஆனால் வாடிக்கையாளர் டைமருக்காகக் காத்திருப்பாரா? அப்புறம், வாட்ஸ்அப்பை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்; இரண்டாம் நாளே ஓர் அவசர ஆர்டர் கைநழுவியது. (சரி, அது கொஞ்சம் அதிகப்படிதான்.)

யாராவது அழைப்புகளை உதவியாளரிடம் ஒப்படைத்திருக்கிறீர்களா? எதை அவரே முடிவு செய்யலாம், எதை உங்களிடம் கொண்டுவர வேண்டும் என்று எப்படிப் பிரித்தீர்கள்?