ஹாரிஸ் - டிரம்ப் விவாதம்: கிரீன் கார்டு வரிசையில் வளர்ந்த பிள்ளைகள் இதில் எங்கே?

எடிசன்காரன் | 2024 செப்டம்பர் 12

செவ்வாய்க்கிழமை இரவு பிலடெல்பியா விவாதத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. வகுப்புக்குக் குறிப்பு எடுக்க வேண்டும் என்று மடியில் மஞ்சள் தாள் அட்டை ஒன்றை வைத்திருந்தாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஹாரிஸ், வலப்பக்கம் டிரம்ப். குடியேற்றம் பற்றிய கேள்வி வந்ததும் வேகமாக எழுத ஆரம்பித்தாள். எல்லை, ஃபென்டனில் போதைப்பொருள், எல்லை மசோதா, நாடு கடத்தல், ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய், பூனையைத் தின்கிறார்கள் என்ற டிரம்பின் ஆதாரமில்லாத பேச்சு. பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் பேனாவை மூடிவிட்டு, "அப்பா, இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் கதை இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான். 2010இல் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் வந்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. முதல் கம்பெனி, அடுத்த வருஷம் கிரீன் கார்டு போடுகிறோம் என்று சொல்லியே நாலு வருஷம் ஓட்டியது. வேலை மாறி, விண்ணப்பம் போட்டு, வரிசையில் கிடைத்த தேதி 2015 ஜூன். மேற்படிப்பு படித்தவர்களுக்கான இபி-2 பிரிவு. எந்தத் தேதிக்காரர் வரை முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா அறிக்கையில், இந்த மாதம் இந்தியாவுக்கு அந்தப் பிரிவில் 2012 ஜூலை 15 வரைதான் வந்திருக்கிறது.

ஒரே ஒரு முறை கிட்டே வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் குடும்ப விசாக்கள் மிஞ்சி, அவை வேலைவழிக் கணக்கில் சேர்ந்ததால், 2022இல் வேலைவழி கிரீன் கார்டு வழக்கமான 1,40,000க்குப் பதில் இரண்டு மடங்காக, 2,80,000க்கு மேல் போனது. அந்த செப்டம்பரில் இபி-2 தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்தது. எனக்கு இன்னும் ஆறு மாதம். அடுத்த மாதமே தேதி 2012க்குத் திரும்பிப் போய்விட்டது. அந்த ஆறு மாதத்தை நினைத்து இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது.

வரும் மார்ச்சில் மகளுக்கு 21 முடிகிறது. அன்றோடு ஹெச்-4 (ஹெச்-1பிகாரர் குடும்பத்துக்கான விசா) கிடையாது, என் வரிசையிலும் அவளுக்கு இடம் கிடையாது. ஆவணம் இல்லாமல் சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் காக்கும் டாகா திட்டமும், சட்டப்படி விசாவோடு வந்ததால் அவளுக்குக் கிடையாது.

இப்போது கேள்வி. என் மச்சினன் குடியுரிமை வாங்கிவிட்டான். பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுண்டியில் ஓட்டு. "மாமா, பாப்பாவுக்காக யாருக்குப் போடட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்கிறான். பதினாலு வருஷம் வரி கட்டியும் ஓட்டில்லாத எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவனிடம் என்ன சொல்வது? மேடையில் பேசுவதில் எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது?

பிளானோவாசி | 2024 செப்டம்பர் 12

அண்ணா, பாப்பா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

நான் 2019இல் குடியுரிமை வாங்கினேன். டிரம்புக்குத்தான் போடப்போகிறேன், மறைக்கவில்லை. டெக்சாஸில் இருந்து பார்த்தால் எல்லை என்பது டிவியில் வரும் சமாச்சாரம் அல்ல. எல்லையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் இருக்கும்வரை குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே மக்களுக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் வரிசையில் முறையாக நிற்கிற நாமும் சேர்ந்து அடிபடுகிறோம். முதலில் அது சரியானால்தான் நம் பேச்சு யார் காதிலும் ஏறும்.

அப்புறம், ஜூன் மாதம் ஒரு பாட்காஸ்டில் டிரம்ப் தன் வாயாலேயே, இங்கே கல்லூரி முடிக்கிறவர்களுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தர வேண்டும் என்று சொன்னார். உங்கள் பெண் அந்தக் கணக்கில் வருவாள். பைடன் இருந்த இந்த மூன்றரை வருஷத்தில் நம் வரிசை எவ்வளவு நகர்ந்தது, நீங்களே பார்த்தீர்கள்.

எடிசன்காரன் | 2024 செப்டம்பர் 12

தம்பி, வரிசை நகரவில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாட்காஸ்ட் வெளிவந்த சில மணி நேரத்திலேயே அவருடைய பிரசாரக் குழு, கடுமையாகச் சலித்தெடுத்த பிறகு மிகத் திறமையானவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அந்த விளக்கத்தையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2020 ஜூன் 22ஐ நான் மறக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புது ஹெச்-1பி, ஹெச்-4 விசா கிடையாது என்று கையெழுத்துப் போட்ட நாள். என்னோடு வேலை பார்த்தவர் அப்பாவின் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் இங்கே. மாதக்கணக்கில் அவரால் திரும்ப முடியவில்லை. அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்ததை அவர் போனில்தான் பார்த்தார். சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்க முடியும்.

நேப்பர்வில் பெரியவர் | 2024 செப்டம்பர் 13

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1979இல். அடுத்த வருஷமே தேர்தல். ஹூஸ்டனில் ரீகனும் புஷ்ஷும், இரண்டு பேரும் குடியரசுக் கட்சி, ஒரே மேடையில். கூட்டத்திலிருந்து ஒருவர், ஆவணம் இல்லாமல் வந்தவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க வைக்கலாமா என்று கேட்டார். இரண்டு பேருமே இரக்கமாகத்தான் பதில் சொன்னார்கள். 1984 விவாதத்தில் ரீகன், இங்கே வேரூன்றிவிட்டவர்களுக்கு மன்னிப்பு தருவதில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று நேராகவே சொன்னார். 1986இல் கையெழுத்தும் போட்டார். கிட்டத்தட்ட 27 லட்சம் பேர் சட்டப்படி குடியிருக்கும் உரிமை பெற்றார்கள். இன்றைக்கு அந்தக் கட்சியின் மேடையில் ஒருவர் அப்படிப் பேசினால் வேட்பாளராகவே ஆக முடியாது. 2011இல் அந்தக் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கு உள்ளூர் மாணவர்களுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தில் படிப்பு தருவதை எதிர்ப்பவர்களுக்கு இதயம் இல்லை என்றார். அதற்கப்புறம் அவருக்கு இறங்குமுகம்தான்.

இவ்வளவும் சொல்வது ஏனென்றால், மேடைப் பேச்சு காற்றடிக்கிற பக்கம் சாயும். உங்கள் வரிசையைக் கட்டிப்போட்டிருப்பது மேடையில் இல்லை, 1990 சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சின்ன நாடானாலும் இந்தியாவானாலும் அதே 7. மூத்த புஷ் கையெழுத்திட்டது. முப்பத்துநாலு வருஷமாக அந்த எண்ணை யாரும் தொடவில்லை. எந்த ஜனாதிபதியும் தனியாக அதை மாற்ற முடியாது. ஆணை போட்டுக் கதவைச் சாத்த முடியும், ஒபாமா 2015இல் ஹெச்-4 மனைவிமாருக்கு வேலை அனுமதி தந்ததுபோல ஓரத்தில் ஒரு ஜன்னலைத் திறக்க முடியும். அவ்வளவுதான்.

ஆகவே யார் என்ன பேசினார் என்பதைவிட, எந்த மசோதாவில் யார் கை தூக்கினார் என்று பாருங்கள். 2013இல் பெரிய குடியேற்ற மசோதா செனட்டில் 68க்கு 32 என்று தேறியது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாட்டுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365க்கு 65. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்கள் யூட்டாவின் மைக் லீயும் கலிபோர்னியாவின் கமலா ஹாரிஸும். 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டு வடிவமும் ஒன்று சேராமலேயே அந்த அவையின் காலம் முடிந்தது. அன்றைக்கு நான் அழுதேன். எனக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை; என் தங்கை மகன் அந்த வரிசையில் இருந்தான்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். விவாதத்தில் ஹாரிஸ் எல்லை மசோதா என்று சொன்னாரே, டிரம்ப் போன் போட்டுக் கெடுத்தார் என்று. இந்தப் பிப்ரவரியில் செனட்டர்கள் லேங்க்ஃபோர்ட், மர்ஃபி, சினெமா மூவரும் பேசி எழுதிய 370 பக்கம். அதை முழுக்க நான் ஆதரிக்கவில்லை. அடைக்கலம் கேட்டு வருகிறவர்களுக்கு அதில் கடுமையான விதிகள் உண்டு. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 50,000 கூடுதல் விசா. அதோடு, ஹெச்-4இல் நெடுங்காலம் வளர்ந்த பிள்ளைகள் 21 தாண்டினாலும் பெற்றோரின் வரிசையை இழக்காமல் இங்கேயே இருக்கலாம், வேலையும் பார்க்கலாம் என்று ஒரு பிரிவு. உங்கள் மகள் அங்கேதான் இருக்கிறாள். 49க்கு 50 என்று அது விழுந்தது. மேடையில் மசோதாவின் பெயரைச் சொன்னவரும் அந்தப் பிரிவைச் சொல்லவில்லை, கெடுத்தவரும் சொல்லவில்லை. நெறியாளர்களும் கேட்கவில்லை.

மச்சினனிடம் இதைச் சொல்லுங்கள்: ஜனாதிபதி பெயரோடு நிறுத்த வேண்டாம். அவர் மாநிலத்தில் இந்த வருஷம் கேசிக்கும் மெக்கார்மிக்குக்கும் செனட் போட்டி இருக்கிறது. கீழவைக்கும் ஓட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற ஆளிடம், ஹெச்-4 பிள்ளைகள் பற்றி உங்கள் வேட்பாளர் என்ன செய்வார் என்று கேட்கட்டும். போட்டி இழுபறியாக இருக்கும் பக்ஸ் கவுண்டியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பதில் சொல்லாமல் போக முடியாது.

மிசிசாகா | 2024 செப்டம்பர் 14

அங்கிள், நான் அந்த 21ஐத் தாண்டி வந்தவள். ஐந்து வயதில் அமெரிக்கா வந்தேன், இருபத்திரண்டில் தனியாகக் கனடா. அப்பா அம்மா இன்னும் வட கரோலினாவில். யாருக்கு ஓட்டு என்று நான் சொல்லப்போவதில்லை. தங்கச்சி விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும்.

எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற மார்ச் வரை காத்திருக்காதீர்கள், இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள். ஹெச்-4 உயிரோடு இருக்கும்போதே மனு போயிருக்க வேண்டும். அதில் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நான் எழுதியபோது, சொந்த நாடு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருந்தது பெரிய தெம்பு. நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

இன்னொன்று. அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போக ஓட்டுரிமை தேவையில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். நான் பத்தொன்பது வயதில் போனேன். அங்கே இருந்த உதவியாளருக்கு இப்படிச் சட்டப்படி வந்த பிள்ளைகள் வெளியேற வேண்டியிருக்கும் என்பதே தெரியாது. டாகா இருக்கிறதே என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். கடைசியில் அவர் எழுதிக்கொண்டார்.

எடிசன்காரன் | 2024 செப்டம்பர் 15

ஐயா, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று இரவே மசோதாவைத் தேடி எடுத்து அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டாள். மஞ்சள் தாளில் நடுக்கோட்டின் மேலேயே, இரண்டு பக்கத்திலும் சேராமல், அந்தப் பிரிவின் எண்ணை எழுதி வட்டம் போட்டிருக்கிறாள்.

மிசிசாகா அம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவி மூன்று தடவை படித்தாள். வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம். மச்சினனிடம் ஐயா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

எடிசன்காரன் | 2025 செப்டம்பர் 23

ஒரு வருஷம் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மார்ச்சில் மகளுக்கு 21 முடிந்தது. அதற்கு முன்னால் எஃப்-1 கிடைத்துவிட்டது. அந்தத் திரும்பிப் போவேன் கடிதத்தை மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினோம். ஆறு வயதில் விட்டு வந்த ஊரின் பெயரை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

மச்சினன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சி ஆட்களிடமும் ஹெச்-4 பிள்ளைகள் பற்றிக் கேட்டானாம். இரண்டு பேருக்குமே அது புதுச் செய்தி.

போன வெள்ளிக்கிழமை புது ஹெச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்குக் கிடையாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் ஒருவர், தங்கை கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டும் முன்பே விமானம் பிடித்துத் திரும்பிவிட்டார்.

விசா அறிக்கையில் இபி-2 இந்தியா இந்த மாதம் 2013 ஜனவரி 1. ஒரு வருஷத்தில் ஐந்தரை மாதம் நகர்ந்திருக்கிறது.

பிளானோ தம்பி, நீங்கள் அடிக்கடி தனியாக விசாரித்ததை மறக்க மாட்டேன். இப்போது ஒரு உதவி வேண்டும், யாருக்குத் தெரிந்தாலும் சொல்லுங்கள். மகள் அடுத்த மே மாதம் படிப்பை முடிக்கிறாள். பட்டத்துக்குப் பிறகான ஓபிடி வேலை அனுமதிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதில் ஹெச்-4இல் படித்த காலமும் சேருமா, எஃப்-1 கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணுவார்களா? இதே நிலையில் விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.