ஒரே கேள்வியை இரண்டு நிரலாளர் குழுக்களில் கேட்டது தவறா?

கேள்வி (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றின் கணக்கு மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் மாத மொத்தம், டெலிவரி சலான்களின் கூட்டுத்தொகையோடு சில கிராம் இடித்தது. ஒரே இரவில் பைத்தான் நிரல்மொழிக் குழு ஒன்றிலும் தரவுத்தளக் குழு ஒன்றிலும் கேட்டேன். முதல் குழு, தசம எண்களை அப்படியே துல்லியமாக வைத்துக்கொள்ளும் டெசிமல் வகையில் கணக்கிடச் சொன்னது. மற்றது, எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் இருந்த தரவுத்தள நெடுவரிசையை மாற்றச் சொன்னது. முன்னவர்களின் விடையைப் பின்னவர்களிடம் ஒட்டி, "அவர்கள் இப்படிச் சொல்கிறார்களே" என்று கேட்டது வினையாயிற்று. இரு தரப்பாரும் ஒருவர் குழுவுக்குள் ஒருவர் புகுந்து ஏசிக்கொண்டார்கள். எனக்காக நள்ளிரவு வரை சோதனை நிரல் எழுதிய அண்ணா ஒருவர், இனிப் பதிலே எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அது மனத்தை அறுக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி (கோவை)

தம்பி, இரண்டு இடங்களில் கேட்டது தவறில்லை. சொல்லாமல் கேட்டதே தவறு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதியவருக்கு, அதே விடை வேறிடத்தில் முன்பே கிடைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தால் மனம் கசக்கத்தான் செய்யும். இது இன்று முளைத்த மரியாதை அன்று. 1995இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்னும் இணைய நடத்தை வழிகாட்டி, நெருங்கிய தொடர்புள்ள பல மின்னஞ்சல் குழுக்களுக்கு ஒரே செய்தியை அனுப்புகிறவர் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும், கேள்வி கேட்டவர் கிடைத்த விடைகளைச் சுருக்கித் திரும்ப எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவதை நாம் அறவே மறந்துவிட்டோம்.

மறுமொழி (ஈரோடு)

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுப் பழியையும் கேட்டவர் தலையில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. அடுத்த குழுவுக்குள் போய் ஏசியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். பொறுப்பு அவர்களுக்கே கூடுதல். இத்தனைக்கும் இரு விடைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் ஃப்ளோட் 4 பைட்டில் ஏறத்தாழ 7 இலக்கங்களைத்தான் துல்லியமாகக் காக்கும், 54321.987 கிலோ என்று பதிந்தால் கடைசி கிராம் அங்கேயே சிதைந்துவிடும். நெடுவரிசையை டெசிமலாக்கிய பிறகு நிரலையும் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் டெசிமலையும் ஃப்ளோட்டையும் கலந்து கூட்டப் பைத்தான் விடாது. இரு குழுவினரும் பொறுமையாகப் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. சோதனை நிரல் எழுதிய அந்த அண்ணாவுக்குத் தனியாக எழுதட்டுமா, பொதுவிலா?

மறுமொழி (கோவை)

பொதுவில் எழுதுங்கள், தம்பி. அவருடைய சோதனை நிரல் எந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதி, இரு இழைகளிலும் மற்றதன் சுட்டியை இட்டுவிடுங்கள்.